பிடியரிசியும் பிடித்தமும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு நிகழ்த்த வருகிறவர்கள், கட்டளையை நிறுவிய புரவலரின் குலப் பெருமையையும் கொடைச் சிறப்பையும் முதற்கண் எடுத்துரைத்து, அதன் பின்னரே தாம் எடுத்துக்கொண்ட பொருளுக்குள் பிரவேசிப்பது நம் கல்லூரிகளில் நெடுநாளாக இருந்து வரும் சம்பிரதாயம். இன்று அந்தச் சம்பிரதாயத்தை அனுசரிக்க எனக்கு வழியில்லாமல் போயிற்று. இந்தக் கட்டளையை நிறுவியவர் ஜமீன்தாரும் அல்லர், ஆலை முதலாளியும் அல்லர். இதே கல்லூரியின் அலுவலகத்தில் 33 ஆண்டுக் காலம் எழுத்தராகவும் தலைமை எழுத்தராகவும் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்ற மாதத்தில் கைக்கு வந்த வைப்பு நிதியில் ஒரு பங்கைப் பிரித்தெடுத்து முதல்வரின் மேஜைமேல் வைத்துவிட்டு, "என் பெயரை மட்டும் எங்கேயும் போட வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனவர். அவர் இருந்த வரையில் இக்கல்லூரி அந்தச் சொல்லைக் காத்தது. அவர் மறைந்த பின்னும் காத்து வருகிறது. ஆகையால் நானும் அவரைத் தலைமை எழுத்தர் என்றே குறிப்பிடுவேன். வணிகவியல் துறையில் நான் பணியாற்றிய காலத்தில் அவர் அறைக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு தாழ்வாரந்தான் இருந்தது; எனவே நான் சொல்லப் போவதில் பாதி கேட்டறிந்தது, பாதி கண்ணால் கண்டது.

கல்லூரியில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்கள், அந்தச் சம்பளத்திலிருந்தே அங்குப் படிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஆபத்துக்கும் கொடுப்பது என்பதே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள். சம்பளம் என்ற சொல்லையே சற்று நின்று பார்க்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளில், வாத்தியார் மாதாமாதம் வாங்குவதற்கும் சம்பளம் என்றுதான் பெயர். பையன் மாதாமாதம் கட்டுவதற்கும் சம்பளம் என்றுதான் பெயர். "சம்பளம் கட்டவில்லையா, வெளியே நில்" என்று கேட்காத தலைமுறை இப்பொழுது வந்துவிட்டது; அது நல்லதே. முழுச் சம்பளம், அரைச் சம்பளம் என்று பிள்ளைகளைப் பிரித்தெழுதிய பதிவேடுகளும் கரையானுக்குப் போய்விட்டன. சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும், சேர்ந்து உண்டான சொல் அது என்று கூறுவாரும் உண்டு. அதைச் சொல்லாராய்ச்சி செய்வோர் தீர்மானிக்கட்டும். கொடுப்பவன் கையில் இருந்ததற்கும் வாங்குபவன் கையில் விழுந்ததற்கும் ஒரே பெயரை இட்டு வழங்கிய நம் முன்னோர், இரண்டும் ஒரே வாய்க்காலில் ஓடுகிற நீர் என்பதை அறிந்தோ அறியாமலோ ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

இன்னொரு சொல்லும் என் மனத்தில் உண்டு. எங்கள் வீட்டு அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வாய் குறுகிய சிறு மண்கலயம் ஒன்று இருக்கும். உலைக்கு அரிசி அளந்து முறத்தில் போட்ட பிறகு, என் தாயார் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் களைவதற்கு எடுத்துப் போவார். பிடியரிசி என்று அதற்குப் பெயர். மாதம் பிறந்ததும் ஒருவர் சாக்குப் பையோடு வந்து தெருத்தெருவாக வாங்கிக்கொண்டு போவார். எங்கோ ஒரு மடத்திலோ பள்ளிக்கூடத்திலோ அது சோறாகும். அதில் நான் கவனித்த விசேஷம், பிடி எடுக்கப்பட்டது அளந்த அரிசியிலிருந்தே தவிர, சோறு மிஞ்சிய பிறகு அன்று என்பது. அன்றைக்கு வீட்டில் யாருக்கும் வயிறு குறைந்ததாக நினைவில்லை. மிச்சம் வந்தால் பார்க்கலாம் என்று என் தாயார் காத்திருந்தால் கலயம் ஒருநாளும் நிரம்பியிராது என்பதும் நிச்சயம். சம்பளப் பட்டியலில் கைக்கு வருமுன் கழிக்கப்படும் தொகைக்கு நம் அலுவலகங்களில் பிடித்தம் என்று பெயர். பிடியிலிருந்து வந்த இந்த இரு சொற்களும் உறவுமுறை கொண்டாட வேண்டியவை; இடையில் கடன் தவணையும் அபராதமும் புகுந்து பிடித்தத்தின் பெயரைக் கெடுத்துவிட்டன.

உத்தியோகஸ்தர்களின் கொடை நம் தேசத்துக்குப் புதிதன்று. 1884-ல் புனாவில் தக்காணக் கல்விச் சங்கம் தோன்றி, மறு ஆண்டு தொடக்கத்தில் பெர்குஸன் கல்லூரி திறக்கப்பட்டபோது, அங்கே ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்த ஆசிரியர்கள் மாதம் 75 ரூபாய்ச் சம்பளத்தில் 20 ஆண்டுகள் பணியாற்றுவதாக வாக்களித்தார்கள். அரசாங்கக் கல்லூரியிலோ வக்கீல் தொழிலிலோ அதைப்போல் பல மடங்கு ஈட்டக்கூடிய தகுதி படைத்தவர்கள், வாங்காமல் விட்ட தொகையையே கல்லூரிக்கு அளித்த கொடையாகக் கருத வேண்டும். ஆனால் வாங்காத பணத்துக்கு ரசீது போடும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் கிடையாதாகையால், அந்தக் கொடை எந்தக் கல்வெட்டிலும் ஏறவில்லை. அவர்களில் ஒருவரான கோபால கிருஷ்ண கோகலே, மாதம் 15 ரூபாய் சம்பாதித்த தம் தமையனார் அதில் 8 ரூபாயை அனுப்பிப் படிக்க வைத்த பிள்ளை. சம்பளக்காரன் ஒருவன் தன் வரும்படியில் பாதிக்கு மேல் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அவருக்கு ஒருவர் உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை.

இதனினும் தெளிவான திருஷ்டாந்தம் வங்காளத்தில் இருக்கிறது. பிரபுல்ல சந்திர ராய் 1882-ல் கில்கிறைஸ்ட் உபகாரச் சம்பளம் பெற்று எடின்பரோவுக்குப் போய் ரசாயனம் கற்றவர். (உபகாரச் சம்பளம்! படிப்புக்கான உதவித் தொகைக்கும் நாம் சம்பளம் என்றே பெயரிட்டிருந்தோம். மூன்றாவது இடத்திலும் அதே சொல்.) 1889-ல் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் மாதம் 250 ரூபாயில் சேர்ந்து, 1916-ல் அங்கிருந்து விலகிப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானக் கல்லூரியில் பாலித் பேராசிரியர் ஆனார். அந்தப் பதவியின் சரித்திரமே கவனிக்கத்தக்கது. தாரகநாத் பாலித் என்ற வழக்கறிஞர் 1912-ல் தம் சொத்தில் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைக்க, மறு ஆண்டு ராஷ்பிகாரி கோஷ் என்ற இன்னொரு வழக்கறிஞர் 10 லட்சம் ரூபாய் கொடுக்க, அவ்விரு கொடைகளின் பலத்தில் எழுந்ததே அந்தக் கல்லூரி. ஆக, ஒரு தனவந்தரின் மூலதனம் வட்டியாகி, அந்த வட்டி ஒரு பேராசிரியரின் சம்பளமாகி மாதந்தோறும் ராய் அவர்களின் கைக்கு வந்தது.

வந்த பணத்தை அவர் என்ன செய்தார்? 1921-ல் தமக்கு அறுபது வயது நிறைந்தபோது, அன்று முதல் தாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றப் போகும் காலம் முழுமைக்கும் தமக்குச் சேர வேண்டிய சம்பளத்தை, ரசாயனத் துறையின் வளர்ச்சிக்கும் இரண்டு ஆராய்ச்சி உதவித் தொகைகளுக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் பின்னும் 75 வயது வரை, 1936 வரை, அவர் வேலையை விடவில்லை. பதினைந்து ஆண்டுகளில் அது ஏறக்குறைய 2 லட்சம் ரூபாயாயிற்று என்பர். மணம் செய்துகொள்ளாமல், கல்லூரிக் கட்டிடத்திலேயே ஓர் அறையில் மாணவர் சிலரோடு வாழ்ந்தவருக்கு என்ன செலவு என்று கேட்பாரும் உண்டு; நம்மில் பலருக்கும் பிள்ளை குட்டி, வீட்டுக் கடன், கலியாணம், கருமாதி என்று வரிசையாக இருக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ராய் அவர்களைப் போல் முழுச் சம்பளத்தையும் கொடுங்கள் என்று இந்த மேடையில் நின்று சொல்வது நகைப்புக்கிடம். அவர் கொடுத்த தொகையைக் காட்டிலும் கொடுத்த விதமே என்னை ஈர்த்தது. சம்பளம் கைக்கு வந்து, செலவாகி, மிஞ்சி, அதன் பிறகு மனம் இரங்கிக் கொடுக்கவில்லை. வருமுன்பே பிடித்துக்கொள்ளுமாறு எழுதிக் கொடுத்துவிட்டார். அது பிடியரிசி முறை. 1922-ல் வட வங்காளத்தில் வெள்ளம் வந்தபோது, நிவாரணக் கமிட்டிக்குத் தலைமை தாங்கி, அதே விஞ்ஞானக் கல்லூரியை அரிசியும் துணியும் வந்து குவியும் கிடங்காக மாற்றியவரும் அவரே. படிப்புக்குக் கொடுக்கும் கைதான் ஆபத்துக்கும் முந்திக்கொண்டு நீள்கிறது.

நம் தமிழ்நாட்டில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் முதல்வராக 1877 முதல் 1907 வரை இருந்த வில்லியம் மில்லர், சொந்தப் பணத்தைக் கல்லூரியிலும் மாணவர் விடுதிகளிலும் செலவிட்டார். அவர் முதல்வர். நூலகர் ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். குமரகுருபரர் பிறந்த ஸ்ரீவைகுண்டத்தில் அவர் பெயராலேயே விளங்கும் கலைக் கல்லூரியில் நூலகராகப் பணியாற்றிய பாலம் கலியாணசுந்தரம், முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தம் சம்பளத்தை ஏழைகளுக்கும் பிள்ளைகளின் படிப்புக்குமாகக் கொடுத்துவிட்டு, தம் ஜீவனத்துக்கு வேறு சிறு வேலைகள் பார்த்தார். 2023-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. நூலகர் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். எந்தப் பையன் மதிய வேளையில் சாப்பிடப் போகாமல் நூலக மூலையில் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பது முதல்வருக்குத் தெரிய நியாயமில்லை; நூலகருக்குத் தெரியும். அட்டெண்டருக்குத் தெரியும். விடுதிச் சமையற்காரருக்குத் தெரியும்.

இனி, வணிகவியல் வாத்தியார் என்ற முறையில் கொஞ்சம் கணக்கு. அறக்கட்டளை என்பது ஏரி போன்றது. முதலைத் தொடக்கூடாது, வட்டியைத்தான் பாய்ச்ச வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் 10,000 ரூபாய் வைத்துத் தங்கப் பதக்கம் கொடுக்க ஏற்பாடு செய்தவர்கள் இருக்கிறார்கள். இன்று நூற்றுக்கு ஆறரை வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு 650 ரூபாய் வரும். அதில் பதக்கம் வைக்கும் பெட்டியைத்தான் வாங்கலாம். நூறு பேர் வேலை செய்யும் ஒரு கல்லூரியில் ஒவ்வொருவரும் மாதம் 200 ரூபாய் பிடிக்கச் சம்மதித்தால், மாதம் 20,000, ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். இந்த 2,40,000 ரூபாயை ஆறு சதவிகித வட்டியில் ஓர் அறக்கட்டளை ஈட்ட வேண்டுமானால் அதற்கு 40 லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும். அத்தனை பெரிய புரவலரைத் தேடி எத்தனை வாசற்படி ஏறுவது! சம்பளம் உயரும்போது பிடித்தத்தையும் உயர்த்திக்கொள்ளலாம். வைப்புத் தொகையின் வட்டியோ குறைந்துகொண்டே வருவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஏரியை நான் பழிக்கவில்லை. மூன்றாண்டுப் படிப்புக்கு ஒரு பிள்ளையைத் தத்தெடுப்பதற்கு ஏரி வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒருவனுக்கு வந்த சங்கடத்துக்கு மாதப் பிடித்தம் என்னும் ஊற்றைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பொருளைப் பேசுவது வீண். வேறொரு கல்லூரியில் நான் சில ஆண்டுகள் இருந்தபோது, மாணவர் நல நிதிக் குழுவில் என்னையும் ஓர் உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். நிதியில் பணம் இருந்தது. தகப்பனாருக்குக் கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்ததால் பரீட்சைக் கட்டணம் கட்ட வழியில்லை என்று இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் மனுக் கொடுத்தான். குழு கூடியது. மனுவோடு வருமானச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை என்று கண்டோம். இணைத்து வருமாறு திருப்பினோம். அவன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் அலைந்து சான்றிதழ் வாங்கி வந்தபோது குழுவில் ஒருவர் விடுப்பில் இருந்தார், கோரம் இல்லை. மூன்றாம் முறை கூடி ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிய நாளில், அபராதத்தோடு கட்டும் கெடுவும் முடிந்து, அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்கு எடுபிடியாகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. விதிப்படி பார்த்தால் எங்களில் எவரும் ஒரு தவறும் செய்யவில்லை. அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

சர்க்கார் எதுவும் செய்யவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகையும் கிடைக்கின்றன. இவை பிச்சையல்ல, உரிமை. ஊழியர் கொடை இருக்கிறதென்று இவற்றில் ஒரு காசு குறைத்தாலும் அதை எதிர்த்து முதலில் மனுக் கொடுப்பவன் நானாக இருப்பேன். ஆனால் எந்தத் திட்டமும் ஒரு குடும்பத்தின் தலையில் இடி விழும் நாளைக் கணக்கிட்டு வகுக்கப்படுவதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் வீடுகளில் சாய்ந்தவை வெறும் மரங்கள் அல்ல. தென்னை ஒன்று காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்பது தெரிந்தவர்களுக்கு, அத்தனை வருஷத்துப் படிப்புச் செலவும் ஒரே இராத்திரியில் சாய்ந்தது விளங்கும். அது பருவத் தேர்வுக் காலம் வேறு.

ஊழியர் கொடைக்கு ஆட்சேபங்களும் உண்டு. அவற்றில் ஒன்று எனக்கே உரியது. பிடித்தம் என்பது சம்மதம் இல்லாமல் பிடிக்கப்படும்போது தர்மம் என்ற பெயரை இழந்துவிடுகிறது. முதல்வரின் கையெழுத்தோடு சுற்றறிக்கை வரும், எல்லாப் பெயருக்கும் நேரே ஒரே தொகை அச்சாகியிருக்கும், சம்மதமில்லாதவர் மட்டும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று கடைசி வரி சொல்லும். துப்புரவுப் பணி செய்யும் அம்மையார் யாரிடம் போய் எழுத்து மூலம் தெரிவிப்பார்? கௌரவ விரிவுரையாளர் என்று பெயரில் மட்டும் கௌரவத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாமல் இருப்பவரிடம் இந்தப் படிவத்தை நீட்டுவதே பாபம் என்பேன். அவர்கள் தாமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். கொடுக்கவும் செய்கிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும். பெறுகிற பையனைக் காசோலையோடு நிறுத்திப் புகைப்படம் எடுத்து ஆண்டு மலரில் போடுகிற வழக்கத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. அந்த மலரை அவன் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை.

தலைமை எழுத்தரிடம் நீளவாட்டில் ஒரு குறிப்புப் புத்தகம் இருந்தது. காலிகோ அட்டை, ஓரத்தில் நூல் பிரிந்தது. அவருடைய மேஜை இழுப்பறையில் ரப்பர் ஸ்டாம்புகளுக்கும் குண்டூசி டப்பாவுக்கும் அடியில் கிடக்கும். சம்பளத் தேதியன்று அலுவலகத்தில் நான்கைந்து பேரும் ஆசிரியர்களில் சிலரும் போகிற போக்கில் அவர் இழுப்பறைக்குள் பத்தோ இருபதோ வைத்துவிட்டுப் போவோம், அவ்வளவுதான் ஏற்பாடு. தேதி, தொகை, எதற்கு என்று மூன்று பத்திகள். பெயருக்குப் பத்தி இல்லை. பரீட்சைப் பீஸ், பஸ், பஸ், செருப்பு, மூக்குக் கண்ணாடி, மெஸ் பாக்கி, அம்மாவுக்கு மருந்து, சாவுக்கு ஊருக்குப் போக, வேட்டி என்று இருக்கும். கௌண்டரில் சலானோடு நிற்கும் பையனுக்குப் பணம் குறைகிறதென்றால், "தம்பி, இப்படி உள்ளே வா" என்று சலானில் ஏதோ பிழை இருப்பதுபோல் அழைத்துக்கொண்டு போவார். பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்குச் சலானில் பிழை என்றுதான் தெரியும்.

பிற்காலத்தில் இந்த இழுப்பறை முறைப்படுத்தப்பட்டு, மாணவர் உதவி நிதி என்று பெயர் பெற்று, சம்மதித்தவர்களின் சம்பளப் பட்டியலில் பிடித்தமாயிற்று. பிடித்தம் என்றானவுடன் தணிக்கையும் வந்தது. முதல் ஆண்டுத் தணிக்கையாளர் கண்டிப்பான மனிதர். புத்தகத்தை வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒரு வரியில் பேனாவை நிறுத்திச் சிவப்பு மையால் வட்டமிட்டார். தேதி இருந்தது, 35 ரூபாய் என்று தொகை இருந்தது, எதற்கு என்ற பத்தி வெறுமையாக இருந்தது. விளக்கம் கேட்டு ஆட்சேபக் குறிப்பு எழுதினார். அன்று நான் அந்த அறையில் இருந்தேன். "அந்தப் பொண்ணு சொல்லலை சார், நானும் கேட்டுக்கலை" என்றார் தலைமை எழுத்தர். அப்படியானால் இப்பொழுது கேட்டு எழுதிக்கொள்ளலாமே என்றார் தணிக்கையாளர். தலைமை எழுத்தர் கொஞ்ச நேரம் யோசித்தார்; சட்டைப் பையிலிருந்து 35 ரூபாயை எடுத்து எண்ணி நிதிப் பெட்டியில் வைத்து, அதற்கு ஒரு ரசீதும் போட்டு, ரசீது எண்ணை அந்த வரிக்கு நேரே குறித்து, "இப்ப ஆட்சேபம் தீர்ந்ததுங்களா?" என்றார். தணிக்கையாளர் சிவப்பு வட்டத்தின்மேல் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.